சம்ரீன் ஊற்றும் தண்ணீர்

கணினித் திரையில் சுழலும் பம்ப் உறைக்குள் சம்ரீன் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். கையில் சொம்பு கிடையாது. கண்ணை மூடி, கழுத்தைச் சாய்த்து, மனதுக்குள்தான். "இந்த மூலையில ஒழுகுதுக்கா" என்பாள். பெரிதாக்கிப் பார்த்தால், இரண்டு பரப்புகள் சேரும் விளிம்பில் முடியிழை அளவுக்கு ஓர் இடைவெளி இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தில்லைநகரில் ஒரு மாடி அலுவலகத்தில் எங்களுக்கு இப்படி ஓட்டை அடைப்பதுதான் பிழைப்பு. கம்பெனிகள் அனுப்பும் இயந்திர பாகங்களின் கணினி மாதிரிகள் ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது ஆங்காங்கே தையல் விட்டுப்போகும். ஓர் இடைவெளி இருந்தாலும் அதை வைத்து அச்சு வெட்ட முடியாது. எவ்வளவு விலகல் வரை ஒட்டலாம் என்கிற டாலரன்ஸைக் கூட்டிவிட்டால் மென்பொருளே எல்லாவற்றையும் இழுத்து ஒட்டிவிடும். நான் அப்படித்தான் செய்வேன். சம்ரீன் மாட்டாள். ஓட்டையைச் சுற்றி இன்னும் கொஞ்சம் வெட்டியெடுத்து, பக்கத்து வளைவைப் பார்த்துப் புதிதாக வரைவாள். "நைஞ்ச எடத்துலயே எப்புடிக்கா ஒட்டுறது?"

பெரிய பொறுமைசாலி என்று நினைக்க வேண்டாம். என் டப்பாவிலிருந்து வடுமாங்காயைக் கேட்காமலே எடுப்பாள். ஒரு விளிம்பு சரியாகச் சேர்ந்துவிட்டால் "சூப்பர்டி" என்று தன்னையே மெச்சிக்கொள்வாள். டீம் லீடர் இடம் காலியானபோது, "எனக்கும் அந்த சீட்டு வேணும்க்கா, மொதல்லயே சொல்லிட்டேன்" என்றாள். அவளுக்கு முன்பே வேலையில் சேர்ந்த நான், அது எனக்குத்தான் என்று ஸ்ரீரங்கத்தில் மாமியார் வரைக்கும் சொல்லி வைத்திருந்தேன். பொறாமைதான். வேறு பெயர் வைக்கத் தெரியவில்லை.

மேலாளர் ஸ்டீபன்ராஜ் ஒரே பம்ப் உறையை இரண்டாகப் பிரித்து, இடப்பாதியை எனக்கும் வலப்பாதியை அவளுக்கும் கொடுத்தார். வேலையைப் பார்த்துத்தான் லீடரை முடிவு செய்யப் போவதாகவும் சொன்னார். நேற்று அவள் கணினியில் இரண்டையும் சேர்த்தோம். நடுவில் மேலிருந்து கீழ்வரை சிவப்புக் கோடு விழுந்தது. பாதிகள் சேரவில்லை.

நகர்ந்திருந்தது என் விளிம்பு. இழுத்து ஒட்டியதில் அது இடம் மாறியிருந்தது. எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது.

"யாரு பக்கம்மா வெலகியிருக்கு?" எங்கள் பின்னால் நின்று ஸ்டீபன்ராஜ் கேட்டார்.

அவள் என் பெயரைச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சொன்னால் மனதுக்குள் திட்டவாவது செய்யலாம்.

"பாத்துட்டு சொல்றோம் சார்" என்றாள் சம்ரீன். பிறகு தன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, மவுஸை என் கைப்பக்கம் நகர்த்தி வைத்தாள்.