கள்ளிப்பாலும் கற்பூரத் தட்டும்

வெள்ளிக்கிழமை காலை ஏழு இருபது. தல்லாகுளத்தில் எங்கள் வீட்டு பால்கனியில், தொட்டியில் வளரும் திருகுகள்ளியின் வெட்டுவாய்களிலிருந்து வெள்ளைப் பால் சொட்டிக்கொண்டிருந்தது. துணி காயும் கொடிவரை வளர்ந்துவிட்ட கிளைகளை என் மனைவி கோமதி கத்தரித்துக்கொண்டிருந்தாள். பூஜையை முடித்த நான் கற்பூரத் தட்டை நீட்டினேன். கையை முந்தானையில் துடைத்துவிட்டு, தீபத்தைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

“ஆத்தீ, எரியுதே! கற்பூரத்துல என்னத்தக் கலந்தீக?” என்று அலறினாள்.

அவள் விரல்களில் பால் ஒட்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். குழாயடிக்கு அழைத்துப்போய், இமைகளை விரித்துப் பிடித்து நீர் விட்டேன்.

“இன்னும் எம்புட்டு நேரம்?”

“பேசாம கண்ணத் தொற.”

நெடுநேரம் கழுவியும் வலது கண்ணில் எல்லாம் புகையாகவே தெரிந்தது. ஆட்டோவில் கண் மருத்துவரிடம் போனோம்.

“எப்படிம்மா பட்டுச்சு?” என்றார் அவர்.

“சாமி கும்பிட்டேன் டாக்டர்.”

கருவிழியில் புண் இருந்தது. உடனே கழுவியதால் பார்வை தப்பியது என்றார்.

இப்போது கையுறையும் கண்ணாடியும் அணிந்துதான் அவள் கள்ளியை வெட்டுகிறாள். அவள் சோப்புப் போட்டுக் கை கழுவும்வரை நான் கற்பூரம் ஏற்றுவதில்லை.

புண் ஆறும்வரை தினமும் செய்தித்தாளை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். புண் ஆறிவிட்டது. இன்றும் நான்தான் வாசிக்கிறேன்.