எங்கள் பிளாக்கின் தீபாவளி ஜாக்கெட்டுகள்

கைத்தறிச் சேலைக்கு நானே தைத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனதுதான் நான் செய்த தப்பு. ரெடிமேட் அலுத்துப்போய், எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கே வீட்டுத் தையலுக்கு ஆசைப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. மறுநாளே மாடி வீட்டு அக்கா துணியோடு வந்துவிட்டார்.

"சும்மாதானே உக்காந்துகினு இருக்க, தீபாவளிக்கு இதத் தச்சுக் குடு."

கம்பெனியில் என் கணவருக்கு ஷிப்ட் போடுகிறவர் அந்த அக்காவின் கணவர்தான். முடியாது என்று எந்த வாயால் சொல்வது? பின்னாலேயே இன்னும் ஐந்து பேர் வந்தார்கள். ஒருவருக்குத் தைத்து இன்னொருவரை விட்டால் குவார்ட்டர்ஸில் நிம்மதியாகக் குடியிருக்க முடியுமா?

எனக்கென்று ஆசையாக எடுத்துவைத்த மாம்பழக் கலர் துணியை வெட்டக்கூட நேரம் வாய்க்கவில்லை. தீபாவளியன்று பழைய ரெடிமேட் ஜாக்கெட்டோடு கீழே இறங்கினேன்.

"ஏம்மா, ஊருக்கெல்லாம் தச்சுட்டு உனக்குத் தச்சுக்க இவ்ளோ சோம்பேறித்தனமா?" என்று அக்கா சத்தமாகக் கேட்டார். புது ஜாக்கெட் போட்ட ஆறு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

"சரி, பொங்கலுக்கு என் பொண்ணுக்குப் பாவாட சட்ட தைக்கணும்" என்றார் அக்கா.

என் வாய் என்னைக் கேட்காமலே, "கொண்டாங்கக்கா" என்றது.