ஒத்துக்கொண்டால் மார்க் இல்லை

அன்புக்கரசி நாகல் நகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிறந்ததிலிருந்து யாருக்கும் மாட்டேன் என்று சொல்லி அறியாதவள். அப்பா சொன்ன படிப்புக்கும் சரி, மாமா பார்த்த மாப்பிள்ளைக்கும் சரி. "நீ ஜெர்மனிக்குப் போயி வேலை பாரு, ரெண்டு வருசத்துல நானும் பாப்பாவும் வாரோம்" என்று புருஷன் ஆண்டனிராஜ் சொன்னபோதும் அதே சரிதான்.

ஜெர்மன் தேர்வில் வாசிப்பு, எழுத்து எல்லாம் தேறிவிட்டாள். பேச்சில்தான் மண்ணைக் கவ்வினாள். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு காரியத்துக்குத் திட்டம் போட வேண்டும். எதிரே இருந்த பையன் எதைச் சொன்னாலும் இவள், "ஆமாம், நல்ல யோசனை" என்றாள். வகுப்பெடுக்கும் சபிஹா டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார்.

"எல்லாத்துக்கும் தலையாட்டுனா எப்படிம்மா மார்க் போடுவாங்க? சரிப்படாதுன்னு சொல்லு. ஏன்னு சொல்லு. வேற வழியும் நீயே சொல்லு."

அன்புக்கு ஒன்றும் பிடிபடவில்லை. முகத்துக்கு நேரே வேண்டாம் என்றால் அந்தப் பையன் மனசு என்ன பாடுபடும்? மரியாதையாகப் பேசினால் மார்க் கிடையாதாம், மல்லுக்கு நின்றால் உண்டாம். என்ன தேசமோ! அங்கே போய் எப்படித்தான் குப்பை கொட்டுவது?

மறு தேர்வுக்கு முந்தின வாரம், செல்போன் கடையைச் சாத்திவிட்டு வந்த ஆண்டனிராஜ் எதிரே உட்கார்ந்தான்.

"நான் தமிழ்ல கேக்குறேன். நீ அந்தப் பாஷையில மறுத்துப் பேசு, எனக்குப் புரியாட்டிப் போகுது. கூட வேலை பாக்குறவரு ஆஸ்பத்திரில கெடக்காரு. பூ வாங்கிட்டுப் போவமா?"

"பூவா? ஆளு பொழைக்கணுமா வேணாமா?" என்று சிரித்துவிட்டாள். அதையே ஜெர்மனில் சொன்னாள்: பூ வேண்டாம், ஆரஞ்சு வாங்கலாம். மறுப்பதில் ருசி கண்டுவிட்டாள். அடுத்தடுத்து மறுத்தாள். கேட்கக் கேள்வியில்லாமல் அவன் தலையைச் சொறிந்தான்.

"ம்... நீ போனப்புறம் பாப்பாவ ஆத்தூர்ல எங்க ஆனந்தமேரி அக்கா வீட்ல விட்டுருவமா?"

அன்பு திகைத்தாள். இது பரீட்சைக் கேள்வியா, வீட்டுக் கேள்வியா? போன மாதம் இதே கேள்விக்குத்தான் சரி என்றிருந்தாள். அன்று ராத்திரி தூங்கவில்லை.

"நைன்" என்றாள். ஜெர்மனில் மாட்டேன் என்பதற்கு அதுதான் சொல்.

பிறகு ஜெர்மனில் கொட்டியதை நிறுத்த முடியவில்லை. பாப்பா அங்கே ஏங்கிப்போவாள். மூன்று பேரும் சேர்ந்தே போவோம், இல்லையென்றால் நான் போகவில்லை. இலக்கணம் சந்தி சிரித்தது. குரல் மட்டும் பிசகவில்லை.

ஆண்டனிராஜ் கை தட்டினான். "அப்பிடிப் போடு! ஒத்துக்கிட்டேன்."

"எதுக்கு ஒத்துக்கிட்டீங்க?"

"நீ என்ன சொன்னியோ, அதுக்குத்தேன்."

அவன் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்தாள். இத்தனை வருஷம் சரி சரியென்று அவள் சிரித்த அதே சிரிப்பு.

"எந்திரிக்காதீக," என்றாள். "செத்த நேரம் உக்காருங்க. தமிழ்ல சொல்றேன்."