ஜன்னல் திண்டில் இரண்டு போன்கள்

எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது சமையலறை ஜன்னலில் மட்டும்தான். அதுவும் ஜன்னல் திண்டின் இடது ஓரத்தில், எண்ணெய்த் தூக்கை நகர்த்தி இடம் பண்ணிக் கொடுத்தால். டவர் வைக்கிறவன் சீசனுக்கு வருகிறவர்களுக்காக வைக்கிறான், பேத்துப்பாறை ரோட்டுச் சரிவில் தகரக் கூரை போட்டுக் குடியிருக்கிற எனக்காகவா வைப்பான்? போனைக் கையில் தூக்கினால் லைன் போய்விடும். ஸ்பீக்கரில் போட்டு, திண்டின் மேல் குனிந்துதான் பேச வேண்டும். மேகம் இறங்கிவிட்டால் அதுவும் இல்லை.

என் ஒரே மகன் வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிற வேலையில் இருக்கிறான். அவன் அப்பா போய்ச் சேர்ந்த பிறகு என்னோடு பேச இந்த மலையில் ஆள் கிடையாது. வந்துகொண்டிருந்த ஒன்றிரண்டு பேரும் என் வாய்க்குப் பயந்து நின்றுவிட்டார்கள். ஷிப்ட் முடிந்ததும் மகன் கூப்பிடுவான். "சாப்பிட்டியாம்மா?" என்பான். சாப்பிட்டேன் என்பேன். சில நாள் அதுதான் நான் வாய் திறந்து பேசிய ஒரே வார்த்தையாக இருக்கும்.

காட்டேஜ்களில் அறை துடைக்கிற வேலையை முழங்கால் வலியால் விட்டபின், பின்னறையை வாடகைக்கு விடலாம் என்று முடிவு செய்தேன். வந்து நின்றவன் சூடான் நாட்டுக்காரன். முப்பது வயது இருக்கும். அவனைப் பார்த்ததும் யோசித்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவன் வாயைத் திறந்து, "ரூம் கெடக்குன்னு சொன்னாங்கம்மா, பாக்கலாங்களா?" என்றான். மதுரையில் படித்தவனாம். மெஸ்ஸிலும் டவுன் பஸ்ஸிலும் கற்ற தமிழ். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இம்புட்டு நெட்டையா வளந்திருக்கியே, என் வீட்டு நெலையில தலை இடிக்குமே" என்றேன்.

"குனிஞ்சுக்கிறேங்கம்மா" என்றான். அறையைக் கொடுத்துவிட்டேன்.

படிப்பு முடிகிற நேரத்தில் அவன் நாட்டில் சண்டை தொடங்கிவிட்டது. இரண்டு படைத் தலைவர்கள், நேற்றுவரை ஒன்றாக இருந்தவர்கள், தலைநகரத்திலேயே அடித்துக்கொண்டார்கள். விமான நிலையம் எரிந்துபோயிற்று. திரும்பிப் போக வழியில்லாமல் இங்கே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் யாருக்கோ ஏதோ வேலை செய்து கொடுத்துக்கொண்டிருந்தான். அம்மா இல்லாத அவனை வளர்த்தது அவன் அக்கா. பள்ளிக்கூட டீச்சர். மேற்கே ஒரு பட்டணத்தில், ஒரு மகளோடு இருந்தாள். அந்தப் பட்டணத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டு ஒரு படை நின்றது. உள்ளே சாப்பாடும் மருந்தும் போகவில்லை. எப்போதாவது லைன் கிடைத்தால் அவள் கூப்பிடுவாள். அந்த எப்போதாவதுக்காக அவன் போனும் என் போனுக்குப் பக்கத்தில், எண்ணெய்த் தூக்கு இருந்த இடத்தில் குடியேறியது.

வந்த அன்று ஒரு கரண்ட் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். எனக்குக் கோபம் வந்தது. "ஒரே கூரைக்குக் கீழ ரெண்டு அடுப்பா? எங்க லயத்துல ஒத்த ஆளு தனியா பொங்கித் திங்கிற பழக்கமெல்லாம் கெடையாது. உள்ள வந்து சாப்புடு" என்றேன். நான் பிறந்தது இலங்கையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில். வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள், நடுவில் சுவர், மேலே எல்லாருக்கும் ஒரே கூரை. அடுப்பு தனித்தனிதான், ஆனாலும் யார் வீட்டில் பருப்பு தாளித்தாலும் லயம் முழுக்க இருமும். இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். கரண்ட் அடுப்பு கட்டிலுக்குக் கீழே போனது.

பிறகு சாயங்காலங்கள் நன்றாக இருந்தன. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பால் இல்லாத பிளேன்டீ போடுவேன், எங்கள் தோட்டத்துப் பழக்கம். எங்கள் ஊரிலும் இப்படித்தான் என்று அவன் சீனியை அள்ளி அள்ளிப் போட்டுக்கொள்வான். "சீனி வியாதி வந்து சாகப்போற" என்று திட்டுவேன். இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். எந்தப் போன் அடித்தாலும் இரண்டு பேரும் எழுந்திருப்போம்.

எதற்குத்தான் அடித்துக்கொள்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன்.

"சண்ட போடுறது எங்க ஆளுங்கதாங்கம்மா. ஆனா துப்பாக்கி எங்கூர்ல செய்யலயே" என்றான். "தங்கம் வேணும்னு ஒரு நாடு, கடற்கரை வேணும்னு ஒரு நாடு. ஆளாளுக்கு ஒரு பக்கம் நின்னுக்கிட்டு அனுப்புறாங்க. அவுங்க நிறுத்துனா இவுங்களால ரொம்ப நாளு அடிச்சுக்க ஏலாது."

ஏலாது என்ற சொல் என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. நானும் எங்கள் கதையைச் சொன்னேன். அந்த நாட்டு அரசாங்கமும் இந்த நாட்டு அரசாங்கமும் உட்கார்ந்து பேசி, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று எங்களைப் பங்கு போட்டதை. ஒருவரும் எங்களிடம் வந்து ஒரு வார்த்தை கேட்காததை. கப்பலில் வந்து இறங்கி மண்டபம் முகாமில் கிடந்தபோது எங்களுக்குக் கோதுமை ரவை வந்த சாக்கு வெள்ளைச் சாக்கு. ஏதோ வெளிநாட்டு எழுத்து. நிவாரணம் என்று அம்மா சொன்னாள். நான் கற்ற முதல் பெரிய சொல் அதுதான். சாக்கு காலியானதும் அதைத் துவைத்து எனக்கு உள்பாவாடை தைத்தாள். பின்னால் இலங்கையில் சண்டை வந்து, அதன் வடக்கே இங்கிருந்து போன விமானத்திலிருந்து பருப்பும் அரிசியும் போட்டார்கள் என்று ரேடியோ சொன்னபோது, இந்த மலையில் எங்கள் ஆட்கள் கை தட்டினோம். அதற்குப் பிறகு போன பட்டாளம் என்ன செய்தது, என்ன பட்டது என்பதெல்லாம் வேறு கதை. எங்களுக்கு நிவாரணம் என்றால் சோறு. முகாமில் வரிசையில் நின்ற யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

அதனால்தான் அந்த நாளில் நான் அப்படித் துள்ளினேன்.

மகன் கூப்பிட்டிருந்தான். "இப்ப பெரிய பிளேனும்மா. எல்லாம் நிவாரணப் பொருளு. சூடான் பார்டர்ல ஒரு ஊருக்குப் போகுது" என்றான். ஊர்ப் பெயரும் சொன்னான். வாய்க்குள் நுழையாத பெயர், திரும்பத் திரும்பச் சொல்லிப் பாடம் பண்ணிக்கொண்டேன். பின்னறைக்காரன் காய் வாங்க மேலே போயிருந்தான். வாசலிலேயே நின்று காத்திருந்தேன். பை நிறையக் கேரட்டோடு அவன் சரிவில் இறங்கி வருவதற்குள், "ஏலே, வெரசா வா. என் மகன் உங்க அக்காவுக்குச் சோறு அனுப்புறான்" என்று கத்தினேன்.

ஊர்ப் பெயரைச் சொன்னேன். அவன் பையைக் கீழே வைத்தான்.

"அங்க ஒரு ஆஸ்பத்திரி கட்டிருக்காங்கம்மா, அது நெசம்" என்று மெதுவாகச் சொன்னான். "பக்கத்துலயே ஓடுபாதை. அங்க எறங்குறதுல பாதி மருந்து இல்லைன்னு எங்க ஆளுங்க சொல்றாங்க. அங்கேர்ந்துதான் அக்கா ஊரச் சுத்தி நிக்கிறவங்களுக்குத் துப்பாக்கியும் குண்டும் போகுதாம்."

எனக்குச் சுருக்கென்றது. "நீ பாத்தியா? என் மகன் பொய் சொல்ற ஆளில்ல."

"அவரு பொய் சொல்லலங்கம்மா. அவருக்கும் தெரியாது."

அன்று அவன் டீயைக் குடிக்கவில்லை. மறுநாள் வெள்ளனே எழுந்து பார்த்தால் ஜன்னல் திண்டில் என் போன் மட்டும் கிடந்தது. சிக்னலுக்காக அவன் பஸ் நிற்கிற வளைவு வரைக்கும் ஏறிப் போய், பனியில் நின்று, நனைந்து திரும்பி வந்தான். கட்டிலுக்குக் கீழே கிடந்த கரண்ட் அடுப்பும் வெளியே வந்தது. என்னிடம் முகம் சுளிக்கவில்லை. பார்த்தால் வணக்கம் சொன்னான், வாடகைக்கு வந்த அந்நியன் சொல்கிற வணக்கம்.

மகன் கூப்பிட்டபோது பிடித்துக்கொண்டேன். பெட்டிக்குள்ளே என்னடா இருக்கிறது என்று கேட்டேன்.

"பொட்டிய ஒடச்சாம்மா பாக்க முடியும்? மேல போட்டிருக்கிறதுதான் எனக்குத் தெரியும். போர்வைன்னு இருக்கு, மருந்துன்னு இருக்கு."

"அப்ப வேற லோடு கேளு. அத மட்டும் தொடாத."

"அங்க நின்னு லோடு பொறுக்க நான் என்ன முதலாளியா? நான் தூக்கலைன்னா இன்னொருத்தன் தூக்குவாம்மா."

"அந்த இன்னொருத்தன் எனக்குப் பொறக்கல" என்றேன்.

அவன் வைத்துவிட்டான். அதன் பிறகு கூப்பிடவில்லை. நான் அழைத்தாலும் எடுக்கவில்லை.

ஆளுக்கு ஒரு வாக்கியத்தில் இரண்டு பிள்ளைகளை இழக்கிற வித்தையை நான் எங்கே கற்றேனோ. பின்னறைக்காரனுக்கு டீ போட்டு அறை வாசலில் வைப்பேன். சாயங்காலம் ஆறிக் கிடக்கும். கொல்லையில் கொட்டுவேன். மழைக்காலம் வந்தது, தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் யாரும் பேசாதது தெரியவில்லை. மழை விட்டதும் தெரிந்தது. அவன் அறையில் நாற்காலி நகர்கிறது, இருமுகிறான், குழாயைத் திறக்கிறான், எல்லாம் எனக்குக் கேட்கும். நான் பாத்திரம் கழுவுவது அவனுக்குக் கேட்கும். ஒரே கூரை. அவ்வளவுதான் மிச்சம்.

ஒரு காலை. உப்புமாவுக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவன் சமையலறைக்கு வந்தான். நிலையில் தலை இடித்தது, சத்தம் கேட்குமளவு இடித்தது. அவன் தலையைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. போனைக் கொண்டுவந்து ஜன்னல் திண்டில், என் போனுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"அக்கா போயிட்டாங்கம்மா" என்றான்.

ஊர்ப் பொதுச் சமையலில் கஞ்சிக்கு வரிசையில் நின்றிருக்கிறாள். குண்டு விழுந்திருக்கிறது. மகளைப் பக்கத்து வீட்டுக்காரி கூட்டிக்கொண்டு நடந்தே எல்லையைத் தாண்டியிருக்கிறாள். அங்கிருந்துதான் செய்தி வந்ததாம். இவ்வளவும் சொன்னான். என் மகனைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நானும் பதிலுக்குத் திட்டி, அழுது தீர்த்திருப்பேன்.

நான் கேஸை அணைத்தேன். கொதித்த தண்ணீரைக் கொட்டினேன். பின்பக்கம் போய் வெந்நீர் அடுப்பிலும் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு வந்தேன்.

"என்னங்கம்மா பண்றீங்க?"

"லயத்துல ஒரு காம்பராவுல எழவு விழுந்தா, அந்தக் கூரைக்குக் கீழ எந்த அடுப்பும் எரியாது. அடுத்த லயத்துக்காரங்கதான் பிளேன்டீயும் சோறும் கொண்டாருவாங்க."

அவன் தன் அறைக்குப் போய்க் கரண்ட் அடுப்பின் வயரை உருவிவிட்டு வந்தான். இரண்டு பேரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்தோம். அடுத்த லயம் என்று இங்கே ஏது? மேலே ரோட்டில் டூரிஸ்ட் வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. ஒருவரும் வரவில்லை, வரவும் காரணமில்லை. இந்த மலையில் யாருக்குத் தெரியும், இந்த வீட்டில் எழவு என்று? மத்தியானம் ஆயிற்று. பசித்தது. பசிக்கிறது என்று நினைக்கவே வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் என் போன் அடித்தது. மகன். இத்தனை நாளைக்குப் பிறகு. எப்போதும்போல எழுந்துபோய்த் திண்டின் மேல் குனிந்தேன். எப்போதும்போல பின்னறைக்காரனும் எழுந்துவிட்டான்.

"சாப்பிட்டியாம்மா?"

"இல்ல. வீட்டுல எழவு. அடுப்பு பத்த வைக்கல."

"ஐயோ. யாரும்மா?"

"உங்கக்கா."

"எனக்கு ஏதும்மா அக்கா? என்ன ஒளர்ற?"

"பின்னறையில இருக்கிற பிள்ள என்னைய அம்மான்னு கூப்புடுது. அதோட கூடப் பொறந்தவ எனக்கு மக. ஒனக்கு அக்கா. கஞ்சிக்கு வரிசையில நின்னவ மேல குண்டு விழுந்துருச்சு."

அந்தப் பக்கம் வண்டிகள் பின்னால் நகரும்போது போடுகிற பீப் பீப் சத்தம் கேட்டது. "நான் ஏத்துனதுதான்னு யாரும்மா சொன்னா?" என்றான்.

"யாரும் சொல்லல. இல்லைன்னும் யாரும் சொல்லலயேப்பா."

பின்னறைக்காரன் என் பக்கத்தில் குனிந்தான். ஏதாவது கேட்டுவிடுவான் என்று பயந்தேன். கேட்கட்டும், அவனுக்கு உரிமை இருக்கிறது என்றும் நினைத்தேன்.

"தம்பி, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான்.

மகன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. யாரோ அவனை வேறு பாஷையில் அதட்டிக் கூப்பிட்டார்கள்.

"லோடு வந்துருச்சும்மா, போறேன்" என்றான்.

"எந்த லோடுப்பா?" என்று கேட்டேன். அதற்குள் வைத்துவிட்டான்.