ஈடுகட்டிவிடுவோம் என்ற வரி

மார்ச் இருபத்து நான்காம் தேதி பிற்பகல் இரண்டே காலுக்கு வந்த மின்னஞ்சலைப் படித்ததும் சுகப்பிரியா தேநீர்க் குவளையைக் கீழே வைத்தாள்.

அருப்புக்கோட்டையில் வெள்ளத்துரையின் விசைத்தறிக் கூடத்தில் ஏழாண்டுகளாகக் கடிதப் போக்குவரத்தைக் கவனிப்பவள் அவள். திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறாள். படித்தது வணிகவியல், ஆங்கிலத்தை வெளிநாட்டார் எழுதும் கடிதங்களிலிருந்தே கற்றுக்கொண்டாள். நயமான தொடர் கண்ணில் பட்டால் தேதியிட்டு நோட்டில் எழுதிவைப்பாள். தாமதத்துக்கென்றே அதில் ஒரு பக்கம் உண்டு: ‘வி ஆர் கேட்சிங் அப்’, ‘பேக் ஆன் டிராக்’, ‘வி வில் மேக் அப் ஃபார் லாஸ்ட் டைம்’. இழந்த நாட்களை ஈடுகட்டிவிடுவோம் என்னும் இந்தக் கடைசி வரியின்மேல் முதலாளிக்குத் தனிப் பிரியம். பாவு நூல் பிந்தினாலும் சரி, மின்மாற்றி எரிந்தாலும் சரி, “அந்த லாஸ்ட் டைம் வரியப் போட்டு விடும்மா, அடங்கிருவாக” என்பார்.

இம்முறை அடங்கவில்லை. மேசைத்துணி வாங்கும் டென்மார்க்குப் பெண்மணி எழுதியிருந்தாள்: நான்காம் தேதி, பதினொன்றாம் தேதி, பத்தொன்பதாம் தேதி, மூன்று முறையும் இதே வாக்கியம். ஏப்ரல் ஐந்தாம் தேதி எத்தனை மீட்டர் சரக்கு கிளம்பும்? இன்று உங்கள் நேரம் ஐந்து மணிக்குள் எண்ணால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஆர்டர் முழுவதும் ரத்து.

“மிச்சம் பதினெட்டாயிரம் மீட்டரும் கிளம்பும்னு போடு,” என்றார் வெள்ளத்துரை. “பங்குனிப் பொங்கலுக்கும் தறிய ஓட்டிப்புடலாம்.”

அவள் நோட்டை எடுத்துக்கொண்டு தறிக்கூடத்துக்குள் போனாள். இரைச்சலுக்கு மேலே கத்தித்தான் மேஸ்திரி சீனிச்சாமியிடம் கேட்க முடிந்தது.

“அண்ணே, பங்குனிப் பொங்கல் மூணு நாளும் ஆள் வருமா?”

“ஏந்தாயி, தீச்சட்டி எடுக்கப் போறவனத் தறியில நிக்கச் சொல்றீகளா? அண்ணாச்சி வேணும்னா வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு இருபத்துநாலு தறிக்கும் ஒத்தையில ஓடட்டும்!”

ஒரு தறிக்கு நாளொன்றுக்கு நாற்பது மீட்டர். இருபத்துநான்கு தறிக்குத் தொள்ளாயிரத்து அறுபது. பன்னிரண்டு நாளில் திருவிழா போக ஒன்பது. ஆக, எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. தவறியிருக்கக் கூடாதா என்ற நப்பாசையில் மறுபடி பெருக்கினாள். மாறவில்லை. திரும்பி வந்து முதலாளியிடம் எண்ணைச் சொன்னாள்.

“பாதிகூட இல்லையே! அந்தம்மா மொத்தத்தையும் தூக்கிருமே,” என்று சீறினார் வெள்ளத்துரை.

“பதினெட்டாயிரம்னு எழுதுனா, அஞ்சாம் தேதி லாரில எத ஏத்துறது அண்ணாச்சி?”

அவர் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். மணி நாலே முக்கால். அவளுடைய விரல்கள் பழக்கத்தில் ‘வி வில் மேக்’ வரை அடித்துவிட்டன. அழித்தாள். எண்ணை எழுதினாள்; மீதிக்கு அதற்குமேல் பத்து நாள் ஆகும் என்றும் எழுதினாள். அனுப்பினாள்.

ஐந்து பத்துக்குப் பதில் வந்தது. எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது மீட்டரை எடுத்துக்கொள்கிறாள். மீதி ரத்து.

“பாதிக்கு மேல போச்சு,” என்றார் வெள்ளத்துரை. வாசல் வரை போனவர் திரும்பினார். “சென்னைக் கம்பெனிக்கும் நேத்து அதே வரியத்தானே போட்டோம்?”

“ஆமா அண்ணாச்சி.”

“அவுகளுக்கும் எத்தன நாளாகும்னு எண்ணிப் பாத்து எழுது. இன்னிக்கே.”

சுகப்பிரியா நோட்டில் புதுப் பக்கம் திருப்பிக்கொண்டு மறுபடியும் சீனிச்சாமியைத் தேடிப் போனாள்.