ஒரு நாள் விட்டு ஒரு நாள்

“எந்த வழியா வந்தே தங்கச்சி?” டயாலிசிஸ் ஊசிக்கு இடது கையை நீட்டியபடியே கேட்கிறார் லாரிக்காரர். பாலத்து வழியாக என்கிறாள் நர்ஸ். “அந்தக் குழிய மூடிட்டானா?” மூடவில்லை என்று தெரிந்ததும், இரண்டாவது ஊசி இறங்கும்வரை ரோடு போட்ட காண்ட்ராக்டரை ஒரு பிடி பிடிக்கிறார்.

ஓரூரில் குளித்து அடுத்த ஊரில் தலை துவட்டிய மனிதர். சிறுநீரகம் கைவிட்ட பிறகு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் இந்தக் கட்டில்தான். பக்கத்துக் கட்டிலுக்கு யார் வந்தாலும் திரும்பிப் போக நல்ல வழி சொல்லாமல் விடமாட்டார். கேட்டார்களா என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டே இல்லை.

ரத்தத்தில் ஹோமோசிஸ்டைன் என்கிற அமிலம் ஏறிக் கிடக்கிறது, சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இது சகஜம், இது கூடியவர்களிடம் ரத்தக்குழாய் அடைப்பும் அதிகம் என்று டாக்டர் விளக்கியபோது, “ரோட்டோரமெல்லாம் ஆக்கிரமிப்புன்னு சொல்லுங்க” என்று முடித்துவிட்டார். அதைக் குறைக்கக் கொடுத்த வைட்டமின் மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. காரணம் இருந்தது. அவருடைய பழைய லாரியை இப்போது ஓட்டுகிற மச்சான், “துறைமுகத்துக்கு ஒரே ஒரு ட்ரிப் மாமா, பக்கத்துல சும்மா உக்காந்து வாங்க” என்று கூப்பிட்டிருந்தான். அந்த ஹோமோசிஸ்டைன் எண் இறங்கினால் அனுமதி கிடைத்துவிடும் என்று தானாகவே முடிவுகட்டிக்கொண்டார்.

இன்று காலை எண் இறங்கியிருந்தது. “அப்ப கிளம்பலாமா சார்?”

“இறங்கினது நல்லதுதான். அதுக்காக அடைப்பு வராதுன்னு சொல்ல முடியாது. உங்க இதயமும் சோர்ந்து கிடக்கு. ஒரு டயாலிசிஸைக்கூட நீங்க தள்ளிப்போடக் கூடாது.”

“சரி சார், சிக்னல் விழல” என்று சிரித்தார். டாக்டர் போனதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கடலைப் பார்க்கும் ஆசையெல்லாம் அவருக்கு இல்லை. கடைசி மேட்டில் வண்டி ஏறும்போது ஜன்னல் வழியே முகத்தில் அடிக்குமே அந்த உப்புக் காற்று, அதற்குத்தான் மனசு கிடந்து தவித்தது.

மச்சான் விடைபெற வந்து கட்டிலருகே நின்றான். “மேட்டுல அவசரப்படாதே. லோடு இருக்கு” என்று இவரே அனுப்பி வைத்தார்.

சற்று நேரத்தில் கீழே தெருவில் லாரி உறுமியது. ஊசி குத்திய கையை அசைக்காமல் அவர் கண்களை மூடிக்கொண்டார். போர்வைக்கு அடியில் இடது கால் கடைசிவரை அழுந்தி, கிளட்சை விடுகிற நிதானத்தோடு மெல்ல மேலே வந்தது.