ஞானசிகாமணி பெயரில் வந்த ஒரே பொய்

ஞானசிகாமணி போய்விட்டார் என்று நம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. அடுத்த நொடியே கூப்பிய கைகள் திருநீர்மலை உயரத்துக்குக் குவிந்தன. அவரைக் கண்டதும் லிஃப்ட் கதவை அவசரமாக மூடிய அதே கைகள்தாம்.

அவரை நேசித்தோம் என்று இப்போது யாரும் கதை விட வேண்டாம். சேலையூரிலிருந்து செவ்வாய் கிரகம் வரை அவரை ஒருவருக்கும் பிடிக்காது. கிரகப்பிரவேசத்துக்கு அழைத்தால், "பிளான் அப்ரூவல் இருக்கா?" என்று வாசலிலேயே கேட்பார். பாயசமெல்லாம் அப்புறம்தான். திமிர் பிடித்த நிருபர்.

பத்திரிகை வேலையில் அவருக்கு ஒரு விரதம் உண்டு. மேலிடம் செய்தியில் கை வைத்தால், "என் பேரை எடுத்துடுங்க" என்பார். அவர் பெயர் இருந்தால் செய்தி உண்மை, இல்லையென்றால் மேலிடத்துச் சமையல். கேம்ப் ரோடு டீக்கடை வரைக்கும் இது தெரியும்.

நம் பில்டரோ அந்தப் பத்திரிகைக்கு முழுப்பக்க விளம்பரம் தரும் வள்ளல். நம் கழிவுநீர்க் குழாய் நேராக ஏரியில் விழுவதை ஞானசிகாமணி படத்தோடு எழுதிக் கொடுத்தார். ஆசிரியர் என்ற மாமேதை எழுத்தைக் கடாசிவிட்டுப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டார். சாக்கடை குடித்துக் கொழுத்த ஆகாயத்தாமரைக்கு மேலே 'ஏரியெங்கும் மலர்க்கோலம்' என்று தலைப்பு. கீழே நம்மவர் பெயர்!

ஜன்மத்தில் கெஞ்சாதவர், பெயரை எடுக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார்.

"உங்களை ஒருத்தனுக்கும் பிடிக்காது. ஆனா நம்புறாங்களே, அதுக்குத்தான் பேரு" என்றாராம் ஆசிரியர். முதுகெலும்பு இருக்கவேண்டிய இடத்தில் விளம்பரத்தாளைச் சுருட்டிச் செருகிக்கொண்ட பிறவி.

மறுநாள் டீக்கடையில் நின்று, வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார்: "இது பொய். நான் எழுதல."

"இன்னா சார், உன் பேரு போட்டுக்கீதே?" என்றார் டீக்கடைக்காரர்.

"பேரு என்னுது. பொய் அவங்களுது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அன்று சாயங்காலமே நம் சங்கத்துக்கு வந்தார். அப்போது நான் செயலாளர். உண்மையைப் போட வேறொரு பத்திரிகை தயார், குடியிருப்பவர் ஒருவர் கையெழுத்திட்டு எழுதித் தந்தால் போதும் என்றார்.

"நீங்களே போடுங்க சார், சி பிளாக்தானே?" என்றேன்.

"என் செய்திக்கு நானே சாட்சியா?"

"ஃப்ளாட் விலை இறங்கிடும் சார்."

மொத்தச் சங்கமும் என்னோடு சேர்ந்து தலையாட்டியது. பூம்பூம் மாடு பார்த்திருந்தால் தொழிலையே விட்டிருக்கும்.

ஞானசிகாமணி எழுந்தார். "ஆபீஸ்ல எனக்கு ஒரே ஒரு மேலிடம். இங்க வீட்டுக்கு ஒண்ணு இருக்கு."

அதன்பின் ஓய்வு பெறும் வரை தன் பெயரை அவர் அச்சில் வரவிடவில்லை. இந்த வாரம்தான் வந்தது. 'உண்மையின் காவலர் மறைந்தார்' என்று அதே பத்திரிகை கண்ணீரை லாரி லாரியாகக் கொட்டியிருக்கிறது. எழுதியவர் பெயரைக் காணோம்.

அவருக்குத் தர என்னிடம் மிஞ்சியிருப்பது, அன்று நான் தராத அந்தக் கையெழுத்து ஒன்றுதான். விலை இறங்கினால் இறங்கட்டும். நம் குடியிருப்பின் கழிவுநீர் இன்றைக்கும் ஏரியில்தான் விழுகிறது. காலையில் போய், என் கண்ணால் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

சபாபதி,
பி பிளாக்,
முன்னாள் செயலாளர்